காதில் சீழ் வடிகிறதா? மாத்திரையா, சொட்டு மருந்தா, ஊசியா, ஆபரேஷனா?

"காதுல சீழ் வருது, நல்ல ஆன்டிபயாடிக் மாத்திரையா ஒண்ணு குடுங்க." மருந்துக்கடையில் நிற்கிறவனுக்கு இது ரொம்பப் பழகின கேள்வி. கேட்பவர்களில் நிறையப் பேருக்குக் காது வலி புதிதாக வந்ததில்லை. சின்ன வயதிலிருந்தே சளி பிடித்தால் ஒழுகும், கொஞ்ச நாளில் நிற்கும், கிணற்றிலோ வாய்க்காலிலோ முங்கிக் குளித்ததும் மறுபடி ஒழுக ஆரம்பிக்கும், அப்படிப்பட்ட காது. அமாக்ஸிசிலின், அஸித்ரோமைசின், செஃபிக்சிம் என்று வரிசையாகப் போட்டு முடித்த காலி அட்டைகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். இவ்வளவு போட்டும் நிற்கவில்லை என்றால் இதைவிட பவர் கூடின மாத்திரைதான் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் வலி அதிகமில்லாமல் சீழ் வடிந்துகொண்டே இருக்கிற காதுக்கு, பெரும்பாலும் மாத்திரை சரியான முதல் தேர்வே இல்லை. காதை நன்றாக உலர்த்தி, சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஓஃப்ளாக்சசின் சொட்டு மருந்து விடுவதுதான் முதல் தேர்வு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு இ.என்.டி. மருத்துவர் காதுக்குள் பார்த்து, செவிப்பறையில் ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது, எந்த வகை என்று சொல்லியாக வேண்டும். ஏன் என்பது கீழே வரும்.

முதலில் கிருமிகளைப் பார்ப்போம், ஏனென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே அதில்தான் இருக்கிறது. குழந்தைக்குச் சளி பிடித்து, ராத்திரி திடீரென்று காது வலி என்று அலறுகிறதே, அது திடீர் நடுக்காது அழற்சி. அதில் கிருமி மூக்கின் பின்பக்கத்திலிருந்து, மூக்குக்கும் நடுக்காதுக்கும் நடுவில் இருக்கும் குழாய் வழியாக மேலே ஏறி வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சே, மொராக்செல்லா கட்டாராலிஸ் என்ற மூன்றும்தான் அங்கே முக்கியமான ஆட்கள். அமாக்ஸிசிலின் இவற்றுக்கு நன்றாக வேலை செய்யும். செவிப்பறை மூடியிருப்பதால் வெளியிலிருந்து விடுகிற சொட்டு உள்ளே போகவும் வழியில்லை, அதனால் அங்கே வாய்வழி மருந்து நியாயமான முடிவு.

சீழின் அழுத்தத்தில் பறை கிழிந்து, அந்தக் கிழிசல் ஆறாமல் ஓட்டையாக நின்றுவிட்டால் கதை மாறிவிடுகிறது. இப்போது காதுக்கு வெளிக்கதவு திறந்திருக்கிறது. குளிக்கிற தண்ணீர் வழியாகவும் காதுக்குழாயின் தோலிலிருந்தும் வேறு கிருமிகள் உள்ளே போய்க் குடியேறுகின்றன. அவற்றில் முதல் இடம் சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கும்தான், ஊருக்கு ஊர் இந்த இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். பின்னாலேயே புரோட்டியஸ், க்ளெப்சியெல்லா, அப்புறம் காற்றில்லாத இடத்தில் வளரும் சில கிருமிகள் (சீழ் குடலைப் பிடுங்குகிற மாதிரி நாறினால் இவற்றுக்கும் பங்கு இருக்கும்), சில காதுகளில் காளான் வகைகளும். சூடோமோனாஸ் ஈரம் இருக்கிற எந்த இடத்திலும் வாழும், குழாயடி, சாக்கடை, தேங்கின தண்ணீர் எல்லாம் அதற்கு வீடு. பச்சை கலந்த நிறத்தில் சீழ் வந்தால் அது சூடோமோனாஸ் உண்டாக்கும் நிறமியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் காலி அட்டைகளின் புதிர் அவிழ்கிறது. அமாக்ஸிசிலின் சூடோமோனாஸை ஒன்றும் செய்யாது. அதோடு கிளாவுலனேட் சேர்த்தாலும் செய்யாது. அஸித்ரோமைசினும் செஃபிக்சிமும் செஃபோடாக்சிமும் இதற்கு உதவாதவை. அதாவது இந்த நோயாளி மூன்று அட்டை விழுங்கியும் குணமாகாமல் போனதற்கு மருந்து பவர் குறைவு என்பது காரணமில்லை, அந்தக் கிருமிக்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தமே இல்லை. விழுங்குகிற மாத்திரைகளில் சூடோமோனாஸுக்கு வேலை செய்யக்கூடியவை சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் என்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

சரி, அப்படியானால் சிப்ரோஃப்ளாக்சசினையே மாத்திரையாகப் போடலாமே, எதற்குச் சொட்டு? நல்ல கேள்வி, இதற்குக் கணக்காகவே பதில் சொல்லலாம். 500 மில்லிகிராம் சிப்ரோ மாத்திரை ஒன்றைப் போட்டால் ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு இரண்டு, மூன்று மைக்ரோகிராம் அளவில் இருக்கும். கடையில் விற்கிற சொட்டு மருந்து 0.3 சதவீதம், அதாவது ஒரு மில்லிலிட்டரில் 3 மில்லிகிராம், மைக்ரோகிராமில் சொன்னால் 3000. ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதிலும் வருடக்கணக்காக அழற்சி ஏறித் தடித்துப்போன நடுக்காதுச் சவ்வுக்குள் ரத்தம் வழியாகப் போய்ச்சேரும் மருந்து குறைவு. போதாததற்கு, தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் வழவழவென்று பாசி பிடிப்பது போல இந்தக் கிருமிகள் தங்களைச் சுற்றி ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்காருகின்றன, பயோஃபிலிம் என்பார்கள். ரத்தத்தில் கரைந்து வருகிற கொஞ்ச நஞ்ச மருந்து அந்தப் படலத்தைத் தாண்டுவது கஷ்டம்.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் வருகிறது, இதை நிறையப் பேருக்கு யாரும் சொல்வதில்லை. சீழை எடுத்து கல்ச்சர் பார்த்து (லேபில் கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்ப்பது), ரிப்போர்ட்டில் 'சிப்ரோஃப்ளாக்சசின் ரெசிஸ்டன்ட்', அதாவது அந்த மருந்துக்கு அடங்காது என்று வந்தால் சொட்டு மருந்தும் பயனில்லை என்று பயந்துவிடுகிறார்கள். லேபில் ரெசிஸ்டன்ட் என்று முடிவு செய்வது ரத்தத்தில் எட்டக்கூடிய மருந்தளவை அடிப்படையாக வைத்து. சூடோமோனாஸுக்கு அந்த எல்லைக்கோடு மில்லிலிட்டருக்கு ஓரிரண்டு மைக்ரோகிராம்தான். காதில் விழுகிற சொட்டிலோ 3000. அதனால் ரிப்போர்ட் ரெசிஸ்டன்ட் என்று சொன்ன பிறகும் சொட்டு மருந்தில் காது உலர்வது உண்டு. எல்லாக் கிருமியும் இப்படி மடங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன், பிடிவாதமான ரகங்களும் இருக்கின்றன. ஆனால் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நேராக ஊசிக்குத் தாவுவதற்கு முன்னால் மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கு வகுத்திருக்கிற ஐ.எம்.சி.ஐ. வழிமுறையும் இதே பிரிவைத்தான் வைத்திருக்கிறது. காதிலிருந்து சீழ் 14 நாளுக்குள் என்றால் திடீர் தொற்று, வாய்வழி அமாக்ஸிசிலின். 14 நாளோ அதற்கு மேலோ என்றால் நாட்பட்ட தொற்று, துணித்திரி வைத்துக் காதை உலர்த்தி, குயினொலோன் வகைச் சொட்டு மருந்து (சிப்ரோ, ஓஃப்ளாக்சசின் இரண்டும் இந்த வகைதான்) இரண்டு வாரம். இரண்டுமே காதில் சீழ்தான், ஆனால் மருந்து போகிற வழியே வேறு.

சிப்ரோ, ஓஃப்ளாக்சசின் இரண்டில் எது என்று கேட்டால், பெரிய வித்தியாசம் இல்லை, எது கிடைக்கிறதோ அது. அமெரிக்காவில் பறையில் ஓட்டையுடன் நாட்பட்டு ஒழுகும் காதுக்கென்று ஓஃப்ளாக்சசின் சொட்டு 1997-லேயே அனுமதி பெற்றது, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பத்துச் சொட்டு, நாளைக்கு இரண்டு தடவை, 14 நாள் என்பது அதன் அளவு. நம் ஊர்ச் சீட்டுகளில் மூன்று நான்கு சொட்டு என்று வரும், உங்கள் மருத்துவர் எழுதியதைப் பின்பற்றுங்கள், ஆனால் நாள் கணக்கைக் குறைக்காதீர்கள். மூன்றாம் நாள் ஈரம் நின்றுவிட்டது என்று நிறுத்துகிறவர்கள்தான் அடுத்த மாதம் திரும்ப வருகிறார்கள். புட்டியில் கண் மற்றும் காது சொட்டு மருந்து என்று போட்டிருப்பதைப் பார்த்து "கண் மருந்தைப் போய்க் காதில் விடச் சொல்றாரே" என்று திரும்பிக் கொண்டுவருவார்கள். கண்ணுக்கான மருந்து காதுக்கு ஆகும், பயப்பட வேண்டாம். காதுக்கு மட்டும் என்று இருப்பதைக் கண்ணில் விடத்தான் கூடாது. விலையையும் சொல்லிவிடுகிறேன், ஒரு அட்டை அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் வாங்குகிற காசில் சாதாரண சிப்ரோ சொட்டுப் புட்டி பல வாங்கலாம்.

ஜென்டாமைசின், நியோமைசின், ஃப்ராமைசெட்டின் கலந்த சொட்டுகளும் அலமாரியில் இருக்கின்றன. சூடோமோனாஸைப் பொறுத்தவரை ஜென்டாமைசின் கெட்டிக்கார மருந்துதான். பிரச்சினை உள்காதில். இந்த வகை மருந்துகள் உள்காதின் நுண்ணிய உணர்செல்களைக் கொல்லக்கூடியவை, அவை ஒரு தடவை போனால் திரும்ப முளைப்பதில்லை. மெனியேர் நோயில் தாங்க முடியாத தலைசுற்றலை அடக்குவதற்காக, உள்காதின் சமநிலைப் பகுதியை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்ய நடுக்காதுக்குள் செலுத்துகிற மருந்தே ஜென்டாமைசின்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பறையில் ஓட்டை இருக்கிற காதில் அதே மருந்தை வாரக்கணக்கில் விடுவதா? சீழும் வீக்கமும் இருக்கும்வரை தடித்த சவ்வு ஓரளவு தடுக்கும், காது உலர்ந்த பிறகும் விட்டுக்கொண்டே இருந்தால் ஆபத்து கூடும். குயினொலோன் சொட்டுகளில் இந்தப் பயம் இல்லை. அவை இருக்கும்போது மற்றதை எடுக்க வேண்டிய காரணத்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் பழைய புட்டி கிடக்கிறதே என்று விடுவதைக் கட்டாயம் நிறுத்துங்கள்.

டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டு, காதுக்குழாய் வீங்கியிருந்தாலோ உள்ளே சதை வளர்ந்திருந்தாலோ உதவும். மாதக்கணக்கில் விட்டால் காளான் வரும். அரிப்பு தாங்கவில்லை, காதுக்குள் கறுப்புப் புள்ளிகளோடு ஈரமான அழுக்கு தெரிகிறது என்றால் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள், அது வேறு சிகிச்சை.

கிருமிநாசினிகளை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். நீர்த்த வினிகரும் போரிக் அமிலமும் காதுக்குள் அமிலத்தன்மையைக் கூட்டும், சூடோமோனாஸுக்கு அது பிடிக்காது. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் போரிக் அமிலத்தைவிட குயினொலோன் சொட்டு வேகமாக உலர்த்துகிறது என்பதால் அதை இரண்டாவதாக வைக்கிறேன். போவிடோன் அயோடின் விஷயம் சுவாரசியமானது. வேலூர் சி.எம்.சி.யிலிருந்து 2003-இல் வந்த ஒரு ஆய்வில், நாட்பட்டுக் காது ஒழுகும் 40 பேரில் ஒரு பகுதிக்கு 5 சதவீத போவிடோன் அயோடினும் மற்றவர்களுக்கு 0.3 சதவீத சிப்ரோவும் விட்டுப் பார்த்தார்கள். முன்னேற்றம் முதல் குழுவில் 88 சதவீதம், இரண்டாவதில் 90 சதவீதம். 40 பேர் சிறிய எண்ணிக்கைதான், ஆனால் கிருமிகள் அயோடினுக்கு எளிதில் பழகிக்கொள்வதில்லை என்பதால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. அதற்காகப் புண்ணுக்குப் போட வாங்கிய பாட்டிலை எடுத்துக் காதில் ஊற்றிவிடாதீர்கள். செறிவு வேறு, கை கழுவுகிற ரகத்தில் சோப்பும் சேர்ந்திருக்கும், காதுக்கு அது ஆகவே ஆகாது. மருத்துவமனையில் செய்கிற வேலை அது.

எந்த மருந்தானாலும் சீழின் மேல் ஊற்றினால் சீழில்தான் கரையும். அதனால் உலர்த்துவதைப் பாதி சிகிச்சை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான, மெல்லிய பருத்தித் துணியைச் சின்னதாகக் கிழித்து, விரலில் உருட்டி முறுக்கித் திரியாக்கி, காது மடலைக் கொஞ்சம் பின்னால் இழுத்து மெதுவாக உள்ளே வையுங்கள். நனைந்ததும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதுத் திரி. ஈரமில்லாமல் வெளியே வரும்வரை இதையே செய்யுங்கள், நாளைக்கு மூன்று தடவை. பட்ஸ் வேண்டாம், அது சீழை இன்னும் உள்ளே தள்ளும், குச்சி பறையிலும் படும். தீக்குச்சி, ஊக்கு, கோழி இறகு பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. உலர்ந்த பிறகு புட்டியை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பிடித்துச் சூடாக்குங்கள், ஜில்லென்று விட்டால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சொட்டுகளை விட்டு, காதுத் துளைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற சின்னக் குருத்தெலும்பை நாலைந்து தடவை மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள், மருந்து உள்ளே இறங்கும். தொண்டையில் கசப்பு தெரிந்தால் மருந்து ஓட்டை வழியாக நடுக்காதுக்குப் போய் அங்கிருந்து தொண்டைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம், நல்ல செய்திதான். அஞ்சு நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும். குளிக்கும்போது வாசலின் தடவின பஞ்சு.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு எல்லாம் அன்போடு செய்வதுதான், பாட்டிமார் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் ஓட்டை இருக்கிற காதில் அவை நேராக நடுக்காதுக்குள் போகின்றன, கிருமிக்கு ஈரமும் சாப்பாடும் கொடுக்கின்றன. ஒழுகுகிற காதில் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் மாத்திரைக்கும் ஊசிக்கும் இடமே இல்லையா? இருக்கிறது. காய்ச்சல் இருந்தால், காதைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கியிருந்தால், சொட்டும் உலர்த்தலும் சரியாகச் செய்தும் இரண்டு மூன்று வாரத்தில் மாற்றமில்லை என்றால், மருத்துவர் கல்ச்சர் எடுத்து மாத்திரையைச் சேர்க்கலாம். கல்ச்சர் எடுக்கும்போதும் காதைச் சுத்தம் செய்துவிட்டு உள்ளேயிருந்து எடுக்க வேண்டும், வெளியே வழிகிறதைத் துடைத்து அனுப்பினால் தோலில் இருக்கிற கிருமிதான் ரிப்போர்ட்டில் வரும். செஃப்டாசிடிம், பைப்பராசிலின்-டாசோபாக்டம் போன்ற ஊசிகள் மருத்துவமனைக்குரியவை. காதுக்குப் பின்னால் எலும்பில் சீழ் கட்டினால், தொற்று மூளைப் பக்கம் போகும் அறிகுறி தெரிந்தால் அவை உயிர் காக்கிற மருந்து. சர்க்கரை நோய் உள்ள வயதானவருக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற காது வலி என்றால் அது வெளிக்காதிலிருந்து மண்டையோட்டு எலும்பைப் பிடிக்கிற தனி நோயாக இருக்கலாம், அங்கேயும் ஆள் சூடோமோனாஸ்தான், வாரக்கணக்கில் மருந்து வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். ஆனால் மற்றபடி நன்றாக நடமாடுகிற ஒருவருக்குக் காது ஒழுகலுக்கென்று தினம் ஒரு ஜென்டாமைசின் ஊசி என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது காதுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

நம் நாட்டில் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். வலியே இல்லாமல் ஒழுகுகிறது, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அசையவில்லை, காது வேகமாக மந்தமாகிறது, பறையில் ஒன்றுக்கு மேல் ஓட்டை என்றால் காசநோயாக இருக்கலாம். அதற்கான பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன ஓட்டையின் வகைக்கு வருகிறேன். பறையின் நடுவில் ஓட்டை, சீழ் நிறைய, சளி மாதிரி, நாற்றம் அதிகமில்லை என்றால் பெரும்பாலும் சவ்வைச் சேர்ந்த வகை. இதுவரை எழுதின சொட்டு மருந்துக் கதை முழுக்க இதற்குத்தான். இன்னொரு வகையில் பறையின் மேல் பகுதி உள்ளே இழுக்கப்பட்டு, தோல் நடுக்காதுக்குள் வளர்ந்து மூட்டையாகச் சேர்கிறது. கொலஸ்டியாட்டோமா என்று பெயர். சீழ் கொஞ்சமாகத்தான் வரும், நாற்றம் குமட்டும், சில சமயம் ரத்தமும் கலந்திருக்கும். அது பக்கத்து எலும்பை அரித்துக்கொண்டே போகும், காதின் சின்ன எலும்புகள், முக நரம்பின் மேல் இருக்கிற எலும்பு, மூளைக்கும் காதுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தகடு வரை. இதற்கு உலகத்தில் எந்த ஆன்டிபயாடிக்கும் தீர்வு இல்லை. சொட்டு விட்டால் நாற்றம் கொஞ்சம் குறையும், குணமாகிவிட்டது என்று நினைத்து இரண்டு வருடம் ஓட்டிவிடுவார்கள், அதுதான் எனக்குப் பெரிய பயம். மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு) ஆபரேஷன்தான் வழி, அதன் முதல் நோக்கம் காதை ஆபத்தில்லாததாக ஆக்குவது, கேட்கும் திறன் அதற்கு அடுத்தது. தலைவலியோடு வாந்தி, முகம் ஒரு பக்கம் கோணுவது, தலைசுற்றல், காதுக்குப் பின்னால் வீக்கம், இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

சவ்வு வகையிலும் ஆபரேஷன் ஒரு தேர்வுதான், அவசரமில்லாத தேர்வு. காதுக்கு மேலே பொட்டுத் தசையின் மெல்லிய உறையை எடுத்து ஓட்டையை அடைக்கிறார்கள், டிம்பனோபிளாஸ்டி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். ஓட்டை இருக்கும்வரை ஒவ்வொரு முழுக்கும் ஒவ்வொரு சளியும் திரும்ப ஒழுக வைக்கும், ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக், அதனால் வருடத்தில் பலமுறை ஒழுகுகிறவர்கள், தண்ணீரில் இறங்கித்தான் பிழைக்க வேண்டியவர்கள், காது மந்தமானவர்கள் அடைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. சொட்டு மருந்தால் காதை உலர்த்தி, சில வாரம் உலர்ந்த நிலையில் வைத்துவிட்டுச் செய்வதைத்தான் பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் 6.5 கோடியிலிருந்து 33 கோடிப் பேருக்கு இப்படிக் காது ஒழுகுகிறது என்றும், அவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கணிசமான செவிக்குறை என்றும் மதிப்பிட்டது. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இருக்கிறது. அதனால் குழந்தையை இ.என்.டி.யிடம் கூட்டிப் போகும்போது சீழைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராதீர்கள், இரண்டு காதுக்கும் ஆடியோகிராம் (எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தால் அதுவரை வகுப்பில் முதல் பெஞ்சில், நன்றாகக் கேட்கிற காது டீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார வைக்கச் சொல்லி பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டு வாருங்கள்.